ஓவன்னாவின் சுழி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் எதற்கு இருக்கிறது என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. தின்பதற்கு இருக்கலாம். பேசுவதற்கு இல்லை. துணி கொண்டுவருகிறவன் பையைத் தொப்பென்று மேசையில் போடுகிறான், அதில் ஒரு சீட்டைக் குத்துகிறான், போனைக் காதில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறான். சீட்டில் பாதி எழுத்து இருக்கும், பாதி அம்புக்குறி இருக்கும். ஒரு புண்ணியவான் தன் பேன்ட்டோடு அனுப்பிய சீட்டில் சிரிக்கிற முகம் ஒன்றை வரைந்திருந்தான். இடுப்பைப் பிடிக்கச் சொல்கிறானா, விடச் சொல்கிறானா என்று மாஸ்டர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்.

மாஸ்டர் யாரையும் சுலபத்தில் நம்பமாட்டார். அளவு நாடாவையே நம்பாதவர். எதையும் இரண்டு தடவை அளந்த பிறகுதான் கத்திரி வைப்பார். அதனால் தெருவில் அவருக்கு 'ரெண்டு தடவை மாஸ்டர்' என்றே பெயர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படித்தவர்கள் எல்லாரும் தன்னிடம்தான் பட்டன் தைக்க வருகிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு சீட்டை ஒரே ஒரு தடவை படித்துவிட்டார். வினை அங்கேதான் முளைத்தது.

கடை என்றால் பெரிய கடை இல்லை. பழைய கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற இடம். உள் மூலையில் நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஒரு மிஷின், ஒரு வெட்டு மேசை, ஒரு இஸ்திரிப் பெட்டி. பக்கத்தில் சாவிக்காரன், மாற்றுச் சாவி செய்கிறவன். வேலை இல்லாத நேரமெல்லாம் போனில் வீடியோ பார்ப்பான், பார்த்ததைச் சும்மா வைத்திருக்கமாட்டான், மாஸ்டருக்கு உபதேசமாகச் சொல்லுவான்.

டீச்சர் முதல் தடவை வந்தபோது கையில் ஒரு மூட்டை இருந்தது. ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தெரு தள்ளி வீடு. மூட்டையைப் பிரித்தால் பதினான்கு டி-ஷர்ட், எல்லாவற்றிலும் நெஞ்சில் தடிதடியாக ரப்பர் படம்.

"இதுல எதைச் சின்னதாக்கணும்?" என்றார் மாஸ்டர்.

"எல்லாத்தையும் வெட்டணும் மாஸ்டர். படம் இருக்கிற இடத்தைச் சதுரமா வெட்டி, ஒண்ணோட ஒண்ணு சேர்த்து, ஒரு போர்வை."

"நல்லா இருக்கிற சட்டையை வெட்டிப் போர்வையா? கடையில போர்வை கிடைக்கலையா?"

"கிடைக்குது. அதுல எங்க வீட்டுக்காரர் அச்சடிச்ச படம் இருக்காது."

டீச்சரின் கணவர் நாற்பது வருஷம் சட்டையில் படம் அச்சடித்தவர். பட்டறையில் சட்டகத்தை வைத்து, மையை ஊற்றி, ஒரே இழுப்பு. பிடித்த வேலை ஒவ்வொன்றிலும் முதல் சட்டையைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வாராம். இரண்டு வருஷமாகக் கண் மங்கி மங்கி, இப்போது வெளிச்சம் எது இருட்டு எது என்று மட்டும் தெரிகிறது.

"அவரு மை தாராளமா விடுவாரு. படம் மேடு மாதிரி நிக்கும். இப்ப அந்த மேட்டை விரலால தடவிப் பார்த்து, இது இன்னாருக்குப் போட்டதுன்னு சொல்றாரு. பதினாலு சட்டையையும் மடியில வெச்சுக்கிட்டா நழுவி நழுவி விழுது. ஒரே போர்வைன்னா மடியிலயே கிடக்கும்ல?"

மாஸ்டர் ஒரு சட்டையை இழுத்துப் பார்த்தார். ரப்பராய் இழுபட்டது. "இந்தத் துணி அடங்காது டீச்சர். ஒவ்வொண்ணுக்கும் பின்னால ஒட்டுக் கேன்வாஸ் வெச்சுச் சூடு காட்டி ஒட்டணும். அப்பதான் நான் சொன்னபடி நிக்கும். அப்புறம் மேல சட்டை, நடுவுல பஞ்சு, கீழ விரிப்பு. மூணும் நழுவாம இருக்கக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டணும்."

"ஓட்டணும்னா?"

"தையல் ஓட்டணும். மிஷின்ல."

டீச்சர் தலையை ஆட்டினார். ஏதோ யோசனையோடு போனார்.

மறுநாள் மாஸ்டர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்து, சாவிக்காரனிடம் இன்னொரு சட்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஐந்து வயசுப் பிள்ளையின் சட்டை. நடுவில் ஒரு சின்னக் கை, ஐந்து விரலும் விரித்து, வெள்ளை மையில் கெட்டியாகப் பதிந்திருந்தது. சட்டையில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. கெட்டி அட்டையில், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி குண்டு குண்டான எழுத்து.

மாஸ்டரின் கண்ணாடி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கை ஈரம். அதை எடுத்து மாட்டச் சோம்பல். சீட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

'நடுவில் கை வரட்டும். படங்கள் மேல் ஒட்டாதீர்கள்.'

மாஸ்டர் சிரித்தார். "டேய் சாவி, படத்து மேல ஒட்டக்கூடாதாம். கேன்வாஸை எவனாவது மேல ஒட்டுவானா? பின்னாலதானேடா ஒட்டுவோம். படிச்சவங்களுக்குத் தொழில் தெரியுறதில்ல."

"அவங்க சொன்னா காரணம் இருக்கும் மாஸ்டர்."

"காரணம் இருந்தா வாயால சொல்லணும்."

சீட்டை மேசை இழுப்பறைக்குள் போட்டார். அத்தோடு மறந்தார்.

வெட்டுவதும் கேன்வாஸ் ஒட்டுவதும் மூட்டுவதுமாக நாலு நாள் போனது. ஐந்து வரிசை, வரிசைக்கு மூன்று. நட்ட நடுவில் கை. பஞ்சும் விரிப்பும் வைத்து ஊக்கு குத்தி முடித்தபோது சாவிக்காரன் எட்டிப் பார்த்தான்.

"மாஸ்டர், ரப்பர் படத்து மேல தைச்சா மிஷின் பாதம் ஒட்டிக்குமாம். மெல்லிசா ஒரு காகிதத்தை மேல வெச்சு ஓட்டிட்டு, அப்புறம் கிழிச்சு எடுக்கணுமாம். ஒரு பொம்பளை போன்ல தைச்சுக் காட்டுறா."

"அப்ப அவ போன்லயே தைக்கட்டும்."

"உங்களுக்குச் சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"உன் சாவி எத்தனை பூட்டைத் திறக்கும்னு தெருவுக்கே தெரியும். போய் உன் வேலையைப் பாருடா."

இத்தனை கனத்தைத் தைக்கும்போது நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் துணி நடுவில் போய்க் குவிந்துகொள்ளும். ஆகவே மாஸ்டர் போர்வையைச் சுருட்டி மிஷினுக்கடியில் நுழைத்து, சின்னக் கையின் ஆள்காட்டி விரலுக்குக் கீழே ஊசியை இறக்கினார். அங்கிருந்து மணிக்கட்டு வரை சாய்வாக ஒரு கோடு. மிதித்தார்.

துணி நகரவில்லை.

துணியை அழுத்திப் பிடிக்கிற அந்த இரும்புப் பாதம் ரப்பரில் ஒட்டிக்கொண்டது. கீழே பல் துணியைத் தள்ளுகிறது, மேலே பாதம் விடமாட்டேன் என்கிறது. ஊசி ஒரே இடத்தில் குத்து குத்தென்று குத்தியது. மாஸ்டர் பாதத்தைத் தூக்கி முகப்பவுடர் தூவினார். நாலு தையல் போனது, மறுபடி நின்றது. பாதத்துக்கடியில் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டார். அது இன்னும் மோசம், ரப்பர் கொழகொழத்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மிஷின் மேல் கோபம், ரப்பர் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாவிக்காரன் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்று கோபம். பின்பக்கம் கையைக் கொடுத்துத் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டே மிதித்தார். கோடு மணிக்கட்டை அடைந்தது. பாதத்தைத் தூக்கியபோது கட்டைவிரலுக்குக் கீழே நகத்தளவு மை பிய்ந்து பாதத்தோடு மேலே வந்தது.

மாஸ்டர் பிறகு அரை பிளேடை எடுத்துத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். துணி என்றால் கவலையில்லை. நூலைப் பிரித்து, தண்ணீர் தெளித்து, நகத்தால் நாலு தேய்ப்புத் தேய்த்தால் ஊசி போன ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். ரப்பர் மூடவில்லை. சின்னக் கையின் குறுக்கே வரிசையாக ஓட்டை, எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி.

இந்த நிலைமையில் மனுஷன் என்ன செய்வான்? பழி போட ஆள் தேடுவான். படம் தைத்தால் கெடும் என்று டீச்சர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொன்னாரா? மாஸ்டர் இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுத்தார். இந்தத் தடவை கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

'படங்கள் மேல் ஓட்டாதீர்கள்.'

இரண்டாம் தடவையும் படித்தார். ஓவன்னா. அடியில் அழகாக ஒரு சுழி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் பார்த்துப் படிக்கிற மாதிரி உருட்டிப் போட்ட சுழி. ஒட்டாதீர்கள் இல்லை, ஓட்டாதீர்கள். அவர் சொன்ன வார்த்தையைத்தான் டீச்சர் கேட்டுக்கொண்டு போய், வீட்டில் யோசித்து, எழுதிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். தையல் ஓட்டாதே. விரலால் தடவுகிற மனுஷனுக்குக் குறுக்கே கோடு வேண்டாம்.

காது சூடாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் இவர் துணியைக் கெடுத்துவிட்டார் என்று ஒருத்தன் சொன்னதில்லை. இனிமேல் சொல்வார்கள். அதுவும் படிக்கத் தெரியாமல் கெடுத்தார் என்று சொல்வார்கள். சாவிக்காரன் அதைத் தெரு முழுக்கச் சாவி போட்டுத் திறந்து விடுவான்.

கையில் அரை பிளேடு இருந்தது. அது கையில் இல்லாமல் இருந்திருந்தால் என்று மாஸ்டர் பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறார். பிளேடின் முனையால் சுழியின் மேல் மெதுவாகச் சுரண்டினார். கெட்டி அட்டை, மை ஆழமாக இறங்கவில்லை. பூ மாதிரி உதிர்ந்தது. ஊதினார். ஓவன்னா ஒவன்னாவாகிவிட்டது.

இப்போது அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

அதற்கப்புறம் பில் புத்தகத்திலிருந்து மெல்லிய தாள் ஒன்றைக் கிழித்து, பிய்ந்த மையை இருந்த இடத்தில் ஒட்ட வைத்து, தாளை மேலே போட்டு, பழைய ஓட்டைகளின் வழியாகவே மறுபடி தையல் ஓட்டினார். பாதம் வழுக்கிக்கொண்டு போனது. தாளைக் கிழித்தெடுத்தால் தையல் சுத்தமாக இருந்தது. அன்றைக்குக் காற்றில் ஈரம் குறைவு, அதனால் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மற்ற படங்கள் எதன் மேலும் ஊசி படவில்லை. மூட்டிய இடங்களின் ஓரமாகவே ஓட்டி முடித்தார்.

டீச்சர் வந்து போர்வையை மேசையில் விரித்தார். கண்ணால் பார்க்கவில்லை, கணவரைப் போலக் கையால் தடவிக்கொண்டே வந்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. நடுவில் கை நின்றது.

"இது என்ன மாஸ்டர்?"

"தையல்."

"படத்து மேலயா?"

"மூணு அடுக்கும் நிக்கணும்ல."

"ஓட்டாதீங்கன்னு எழுதியிருந்தேனே."

"என்ன எழுதியிருந்தீங்க?" காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது. சீட்டை எடுத்து நீட்டினார்.

டீச்சர் முதலில் வேகமாகப் படித்தார். பிறகு உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஒட்டாதீர்கள்," என்றார் தாழ்ந்த குரலில். "ஒட்டாதீர்கள்னு எழுதியிருக்கேன்."

"அதான் நான் மேல எதையும் ஒட்டல."

மாஸ்டர் சண்டைக்குத் தயாராக இருந்தார். இன்னும் மூன்று வாக்கியம் கைவசம் வைத்திருந்தார். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. டீச்சர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பத்தொரு வருஷம் ஒண்ணாங்கிளாஸ் மாஸ்டர். சுழி போடாம ஓவன்னா எழுதற பசங்களை, துடுப்பு இல்லாம ஓடத்துல எப்படிடா போவேன்னு கேட்பேன். நானே போடல."

"விடுங்க டீச்சர். கை தவறும்."

இதையும் அந்த வாய்தான் சொன்னது.

"கை தவறினா தவறட்டும். போட்டதா எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதுதான் பயமா இருக்கு." எழுந்து போர்வையை மடித்தார். "மன்னிச்சிடுங்க. வயசான மனுஷன் மேல பழி போடப் பார்த்தேன்."

சீட்டையும் எடுத்துக்கொண்டு போனார். அதைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கேட்க மாஸ்டருக்கு வாய் வரவில்லை. ஜனங்களுக்கு வாய் எதற்கு என்று கேட்டவர்தான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மாஸ்டருக்குக் குறுகுறுக்கவில்லை, உறுத்தியது. சட்டைக்குள் விட்டுப்போன ஊக்கு மாதிரி, நிமிர்ந்தால் குத்தியது, குனிந்தால் குத்தியது. ஒருத்தன் சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாக வெட்டி வைத்தார்.

"என்ன மாஸ்டர், இவனுக்கு ரெண்டும் பீச்சாங்கையா?" என்றான் சாவிக்காரன்.

"வாயை மூடுடா."

"இப்ப யாரைப் பார்த்தாலும் சரியில்ல. அந்த டீச்சரும் அப்படித்தான். நேத்து ஒரு மாத்துச் சாவி வாங்கினாங்க. மூணு தடவை பூட்டித் திறந்து பார்த்தாங்க. 'நான் திறந்தது நிஜந்தானே தம்பி'ன்னு என்னையே கேட்கிறாங்க."

ஐந்தாம் நாள் டீச்சரே வந்தார், கணவரின் பேன்ட்டைக் கீழே மடித்துத் தைக்க. சீட்டு இல்லை. "நீங்களே எழுதிக்கங்க மாஸ்டர். ரெண்டு அங்குலம். ரெண்டு. எழுதிட்டீங்களா?"

"ரெண்டு அங்குலத்துக்கு எழுதுவாங்களா?"

"எழுதிக்கங்க. என் எழுத்தை நான் இப்ப நம்பறதில்ல." பிறகு, கேட்காமலே சொன்னார். "அவருக்கு ரெண்டு கண் மருந்து. ரெண்டும் ஒரே மாதிரி சீசா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கீழ் வீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லித்தான் விடறேன். அவ வேலைக்குப் போயிட்டா விடறதே இல்ல. மாத்தி விட்டுட்டேன்னா, மிச்சமிருக்கிற வெளிச்சமும் போயிடும் பாருங்க."

மாஸ்டர் பேன்ட்டை அளந்தார். இரண்டு அங்குலம். மறுபடி அளந்தார். நாடாவில் எண் தெரியவில்லை. கண்ணாடி மாட்டித்தான் இருந்தது.

வீட்டுக்குப் போய்த் துணி கொடுக்கும் வழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது. வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள் என்பவர். எட்டாம் நாள் அந்தப் பேன்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று தெரு நடந்தார். எதற்குப் போகிறோம் என்று வழியெல்லாம் தன்னையே கேட்டார். உண்மையைச் சொல்வதற்கா? அப்படி ஒரு எண்ணம் அவருக்கு இருந்ததாகச் சொல்ல முடியாது. அந்தச் சீட்டு கண்ணில் பட்டால் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். சீட்டே இல்லாவிட்டால் டீச்சர் மறந்துவிடுவார். இவ்வளவுதான் அவர் போட்ட திட்டம்.

இரண்டாம் மாடி. கதவு திறந்தே இருந்தது. நாற்காலியில் ஒருத்தர், மடியில் போர்வை.

"மிஷின் எண்ணெய் வாசனை வருது," என்றார் அவர். "தையல் மாஸ்டரா? உள்ளே வாங்க. டீச்சர், மாஸ்டர் வந்திருக்காரு." மனைவியைத் தெருவே கூப்பிடுகிற மாதிரிதான் அவரும் கூப்பிட்டார்.

உட்கார வைத்துப் போர்வையைக் காட்ட ஆரம்பித்துவிட்டார் அச்சுக்காரர். "இது ஐஸ் கம்பெனி. பெங்குவின். மூக்கு கோணலா இருக்கும், அவங்க முதலாளிக்கும் அப்படித்தான். இது சைக்கிள் பந்தயம். இதுல ஒரு எழுத்தை விட்டுட்டு முந்நூறு சட்டை அடிச்சேன். ஒருத்தனும் கண்டுபிடிக்கல. இது நடுவுல, எம்பொண்ணு." விரல்கள் சின்னக் கையின் மேல் போய்ப் படுத்தன. "அஞ்சு வயசுல மையைத் தடவி அழுத்தச் சொன்னேன். இப்ப அவ வேற தேசத்துல. போன்ல குரல் வருது. கை வராதுல்ல."

மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

"குறுக்கே ஒரு கோடு இருக்கே, அது நான் பண்ணின தப்பு," என்றார் டீச்சர், தண்ணீர்ச் செம்போடு வந்தபடியே. "ஒரு சுழி போடாததுக்கு இவ்வளவு. தினமும் பார்க்கணும்னே ஒட்டி வெச்சிருக்கேன்." அலமாரிக் கதவைக் காட்டினார். மருந்து சீசாக்களுக்கு நேர் மேலே அந்தச் சீட்டு.

"எங்க, குடு பார்க்கலாம். எட்டு நாளா சுழி சுழின்னு புலம்பறே, என் கையில கொடுக்கவே இல்ல," என்றார் அச்சுக்காரர்.

டீச்சர் பிய்த்துக் கொடுத்தார். கட்டைவிரல் அட்டையின் மேல் மெதுவாக நகர்ந்தது. ஒரு இடத்தில் நின்றது. பின்னால் போனது. மறுபடி அங்கேயே வந்து நின்றது.

"டீச்சர், மாஸ்டருக்கு ஒரு டீ போடேன்."

டீச்சர் உள்ளே போனார். அச்சுக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"நாப்பது வருஷம் மையும் காகிதமும் தொட்ட விரல் மாஸ்டர். இந்த இடத்துல மட்டும் காகிதம் பஞ்சாட்டம் எழுந்து நிக்குது. பிளேடா?"

"அரை பிளேடு," என்றார் மாஸ்டர்.

"ம்." அட்டையை இன்னொரு தடவை தடவினார். "தண்ணி கொதிக்கிற வரைக்கும் நேரம் இருக்கு. நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"யார் சொன்னா நல்லது?"

"யார் சொன்னாலும் உங்க மேல கோபந்தான். நீங்களே சொன்னா என்மேல கோபம் வராது. அவ்வளவுதான் வித்தியாசம்."

டீ வந்தது. மாஸ்டர் டம்ளரை வாங்கவில்லை. நின்றுகொண்டார். சுற்றி வளைக்க அவருக்குத் தெரியாது.

"நீங்க சுழி போட்டிருந்தீங்க டீச்சர். நான் கண்ணாடி போடாம படிச்சேன். தைச்சுக் கெடுத்துட்டேன். அப்புறம் சுழியைச் சுரண்டிட்டேன்."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். கணவரின் கையிலிருந்து சீட்டை வாங்கி ஜன்னலுக்குப் போய், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். சுரண்டிய இடம் மெலிந்து, சின்னதாக ஒளி தெரிந்தது. பிறகு அலமாரியிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த இடத்தில் சுழியைப் போட்டார். மெதுவாக, உருட்டி.

"எனக்கு ஒண்ணும் ஆகலங்க," என்றார் கணவரிடம். "நான் நல்லாத்தான் இருக்கேன்."

அப்புறம் மாஸ்டர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "எட்டு நாள் மாஸ்டர். எட்டு நாளா இவரு கண்ணுல மருந்து விடப் பயந்துக்கிட்டு இருந்தேன். மூணு வேளை விடாமலே போயிருக்கு. சட்டை கெட்டுதுன்னு சொல்லியிருந்தா, ஒரு நாள் அழுதிருப்பேன். அவ்வளவுதானே?"

மாஸ்டரிடம் மன்னிச்சிடுங்க என்ற வார்த்தை இருந்தது. அதை டீச்சர் அன்றைக்கே அவரிடம் செலவழித்துவிட்டிருந்தார். இப்போது அதையே திருப்பிக் கொடுக்க அவருக்குக் கூசியது.

அச்சுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "ஒண்ணு சொல்றேன். இந்தக் கையில ரேகையே கிடையாது. மை அப்பினதுல எல்லாம் மொழுமொழுன்னு போயிருந்துச்சு. இப்ப ஒண்ணு ஓடுது பாருங்க, மணிக்கட்டு வரைக்கும். ஆயுள் ரேகை. மாஸ்டர் நீளமாத்தான் ஓட்டியிருக்காரு."

"நீங்க சமாளிக்காதீங்க," என்றார் டீச்சர்.

"சமாளிக்கல. விரல் போக ஒரு வழி கிடைச்சிருக்குன்னு சொன்னேன்."

"பேன்ட்டை அங்க வெச்சுட்டுப் போங்க மாஸ்டர்."

வைத்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நாலு படி இறங்கியபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"மாஸ்டர்."

நின்றார். டீச்சர் வாசலில் நின்றிருந்தார், கையில் ஒரு மருந்து சீசா. யாரையும் கூப்பிடாமல் தானே அதன் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "வெட்டின துணி மிச்சம் இருக்குல்ல? தலையணை உறை ஒண்ணு வேணும். சீட்டு எழுதி அனுப்புறேன்."

"சீட்டு வேணாம் டீச்சர். எழுதினதை எவனும் சுரண்டிடலாம். வாயால சொல்லுங்க."

"வாயால சொன்னா, சொல்லவே இல்லைன்னு சொல்வீங்க."

மாஸ்டர் கைப்பிடியைப் பிடித்தபடி யோசித்துப் பார்த்தார். சொல்லக்கூடிய ஆள்தான்.

"அப்ப ரெண்டு தடவை சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

தெருவில் வெயில் இருந்தது. ரேகையாம். ரப்பரில் ஊசி குத்தினால் ஓட்டை, ரேகை எங்கிருந்து வந்தது? பேசத் தெரிந்தவன் எதையும் பேசுவான். உறை தைக்கச் சொன்னதும் மன்னித்ததாகாது. மிச்சத் துணியை வாங்காமல் விட மனமில்லாமல் சொல்லியிருக்கலாம். இல்லை, இன்னொரு தடவை கெடுக்கிறானா பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். காகிதம் வைத்து ஓட்டினால் ஒட்டாது என்பதும் அவருக்கு இன்னும் சந்தேகமாகவே இருந்தது. ஒரு தடவைதானே ஓட்டிப் பார்த்தது.

மேலே ஜன்னலிலிருந்து அச்சுக்காரர் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. டீச்சர் சிரித்தாரா என்று மாஸ்டர் நின்று கேட்கவில்லை. கக்கத்தில் ஒன்றும் இல்லாமலே கையை இடுக்கிக்கொண்டு, கடையைப் பார்க்க நடந்தார்.